சர்வருக்கு எத்தனை லைசென்ஸ்? ஒரு மண்டியில் கற்ற பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. "சார், விண்டோஸ் சிடியை ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிவிட்டால் அது நம்முடையதுதானே? அப்புறம் எதற்கு லைசென்ஸ், லைசென்ஸ் என்று பேசுகிறீர்கள்?" இப்போது சிடியே வருவதில்லை என்பது வேறு விஷயம். கேள்வி மட்டும் மாறவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் இதற்குப் பதில் தெரியாவிட்டாலும் காலம் ஓடிவிடும். கடையிலோ மண்டியிலோ நான்கு பேர் சேர்ந்து ஒரு சர்வரைப் பயன்படுத்தத் தொடங்கும் நாளில்தான் சிக்கல் வரும். அப்படி வந்த ஒரு சிக்கலை வைத்தே இந்தப் பாடத்தைச் சொல்கிறேன்.

அருப்புக்கோட்டையில் மல்லி, வத்தல் கமிஷன் மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு நான் பல வருடங்களாகக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். திருச்சுழியில் அவருக்கு ஒரு கொள்முதல் கிட்டங்கி உண்டு. அரை மணி நேர பஸ் தூரம். குண்டாற்றுப் பக்கத்து மானாவாரி ஊர்களில் இருந்து மல்லி மூட்டைகள் அங்கேதான் இறங்கும். முன்பெல்லாம் திருச்சுழிக் கணக்கு மறுநாள் காலை பஸ்ஸில் நோட்டாக வரும். 2022ஆம் ஆண்டு ஆயுத பூஜை அன்று, அதாவது அக்டோபர் 4ஆம் தேதி, புது சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஆன் செய்தார்கள். நான் அப்போது ஊரில் இல்லை. வெளியூர் டீலர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்துவிட்டுப் போயிருந்தார். திருச்சுழிக் கணக்குப்பிள்ளை அங்கே உட்கார்ந்தபடியே ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அருப்புக்கோட்டை சர்வருக்குள் நுழைந்து எடை போட்டார், ரேட் போட்டார், விவசாயிக்குச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தார். எல்லோருக்கும் சந்தோஷம்.

2023 பிப்ரவரி 2ஆம் தேதி, வியாழக்கிழமை காலை. மல்லி வரத்து உச்சத்தில் இருந்த நேரம். திருச்சுழியில் இருந்து போன்: "உள்ளே விடமாட்டேங்குது." திரையில் வந்த செய்தி, ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் சர்வர் எதுவும் கிடைக்கவில்லை என்பது. அண்ணாச்சி நெட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். நெட் நன்றாகவே இருந்தது. வாசலில் மூட்டையோடு முப்பது பேர் நிற்க, கணக்குப்பிள்ளை கார்பன் பேப்பரைத் தேடி எடுத்துக் கையால் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

120 நாள் என்ற கணக்கு

விண்டோஸ் சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப் சேவையை நிறுவினால், அதற்குரிய லைசென்ஸ் வாங்க 120 நாள் சலுகை தருவார்கள். அதுவரை எல்லாம் சரியாக ஓடும். 120 நாள் முடிந்ததும் கதவு சாத்தப்படும். விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். அக்டோபர் 4இல் இருந்து பிப்ரவரி 1 வரை சரியாக 120 நாள். டீலர் லைசென்ஸே போடாமல் போயிருக்கிறார்!

நிர்வாகப் பணிக்கு என்று ஒரு தனி வழி உண்டு. சர்வரைப் பராமரிப்பவர் இரண்டு பேர் வரை இந்த லைசென்ஸ் இல்லாமலே உள்ளே போகலாம். அந்த வழியாக நான் நுழைந்து முதலில் டேட்டாவை பேக்கப் எடுத்தேன். (இந்த இரண்டு இடத்தையே தினசரி பில் போடப் பயன்படுத்தும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அது அனுமதி இல்லாத வேலை. பராமரிப்புக்கு மட்டும்தான் அந்த வழி.) பேக்கப் முடிந்து நிமிர்ந்தபோது திரையின் வலது கீழ் மூலை கண்ணில் பட்டது. விண்டோஸ் சர்வர் 2022 ஸ்டாண்டர்டு எவாலுவேஷன், இன்னும் 59 நாள் என்று சின்ன எழுத்தில் இருந்தது.

எனக்கு வியர்த்துவிட்டது. எவாலுவேஷன் என்பது பரீட்சார்த்தமாக ஓட்டிப் பார்ப்பதற்காக மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் பதிப்பு. ஆயுள் 180 நாள். அதன் பிறகு சர்வர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை தானாக அணைந்துகொள்ளும். அந்த நாள் ஏப்ரல் முதல் வாரத்தில் வருகிறது. அப்போது மண்டியில் வத்தல் சீசன்.

டீலரைப் போனில் பிடித்தோம். "பில்லைப் பாருங்கள், அதில் ஓஎஸ்ஸுக்கு விலை போடவே இல்லையே" என்றார். பில்லை எடுத்துப் பார்த்தால் 'சர்வர் வித் ஓஎஸ், 1' என்று ஒரே வரி. பதிப்பு எது, லைசென்ஸ் எத்தனை, யார் பெயரில் என்று எதுவும் இல்லை. பேச்சை முடிக்குமுன் ஒரு யோசனையும் சொன்னார். ரெஜிஸ்ட்ரியில் ஒரு பதிவை அழித்தால் மறுபடி 120 நாள் கிடைக்குமாம், ஐந்து நிமிட வேலையாம்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "தம்பி, அது செய்யலாமா?"

"அண்ணாச்சி, முத்திரை போடாத தராசை வாசலில் வைப்பீர்களா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. டீலரின் போனை வைத்துவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் காப்புரிமைச் சட்டம், 1957இன் கீழ் இலக்கியப் படைப்புக்கு உள்ள பாதுகாப்பு உண்டு. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது புரோகிராமின் உரிமையை அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதியை. கதைப் புத்தகம் வாங்கினால் படிக்கலாம், அச்சடித்து விற்க முடியாது அல்லவா, அதுபோல. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டு சாப்ட்வேருக்குச் செலுத்தும் பணம் ராயல்டியா என்ற வரி வழக்கில், இந்த வித்தியாசத்தை விரிவாகவே விளக்கியது.

அதே சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துபவருக்குக் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வியாபார லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம். ஆக, வீட்டுக்கும் கடைக்கும் சட்டமே வேறு தட்டு வைத்திருக்கிறது. இன்னொன்று, முறையாக வாங்கிய புரோகிராமுக்குப் பாதுகாப்புக்காக ஒரு பேக்கப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது குற்றம் இல்லை. பயப்பட வேண்டாம்.

கிணறும் பாத்தியதையும்

சரி, முறையாக வாங்க வேண்டும் என்றால் எதை, எத்தனை வாங்க வேண்டும்? இங்கேதான் பலருக்குத் தலை சுற்றும்.

எங்கள் பக்கம் ஒரு கிணற்றில் பல குடும்பங்களுக்குப் பங்கு இருக்கும். கிணறு வெட்டிய செலவு ஒன்று. அதில் இறைத்துக்கொள்ளும் பாத்தியதை இன்னொன்று. விண்டோஸ் சர்வரும் அப்படித்தான். முதலில் சர்வருக்கான லைசென்ஸ். 2016 பதிப்பில் இருந்து இதைப் பிராசஸரில் உள்ள கோர்களின் எண்ணிக்கைப்படி விற்கிறார்கள். உங்கள் சர்வரில் 4 கோர்தான் இருக்கிறது என்றாலும் குறைந்தது 16 கோருக்கு வாங்கியே ஆக வேண்டும். அண்ணாச்சியின் சர்வரில் ஒரே பிராசஸர், 8 கோர். ஆகவே 16.

அடுத்தது பாத்தியதை. இதற்கு கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ் என்று பெயர், சுருக்கமாகக் 'கால்'. சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் ஒன்று, அல்லது ஒவ்வொரு கருவிக்கும் ஒன்று. "ஆளுக்கு ரெண்டு கால் ஏற்கெனவே இருக்கே தம்பி" என்று அண்ணாச்சி சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம். அருப்புக்கோட்டை மண்டியில் 4 கம்ப்யூட்டர், அதில் மாறி மாறி உட்காருபவர்கள் 6 பேர். திருச்சுழியில் 1 கம்ப்யூட்டர், 2 பேர். அண்ணாச்சி தன் போனிலும் வீட்டு லேப்டாப்பிலும் பார்ப்பார். விருதுநகரில் இருக்கும் ஆடிட்டர் தன் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் லேப்டாப்பிலும் இருந்து உள்ளே வருவார். ஆள் கணக்கில் வாங்கினால் 10 கால். ஆனால் மண்டி, திருச்சுழி இரண்டிலும் உள்ள 5 கம்ப்யூட்டருக்குக் கருவிக் கணக்கில் 5 கால், ஊர் சுற்றும் அண்ணாச்சிக்கும் ஆடிட்டருக்கும் ஆள் கணக்கில் 2 கால் என்று கலந்து வாங்கினால் 7 போதும். பலர் ஷிப்டு முறையில் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் இடத்தில் கருவிக் கணக்கு லாபம். ஒருவரே பல கருவிகளில் வேலை பார்த்தால் ஆள் கணக்கு லாபம்.

இதோடு முடியவில்லை. தூரத்தில் இருந்து சர்வரின் திரைக்குள்ளேயே நுழைந்து வேலை பார்ப்பவர்களுக்கு, மேலே சொன்ன காலுக்கு மேல் இன்னொரு கால் வேண்டும். இதுதான் ரிமோட் டெஸ்க்டாப் கால். பிப்ரவரி 2ஆம் தேதி சர்வர் கேட்டது இதைத்தான். இதை ஒரு சர்வரில் ஆள் கணக்கு, கருவிக் கணக்கு என்று ஏதாவது ஒரு முறையில் அமைப்பதே வழக்கம். திருச்சுழியில் 2 பேர், அண்ணாச்சி, ஆடிட்டர் என்று ஆள் கணக்கில் 4. கருவியாக எண்ணினால் 5 வரும். ஆகவே ஆள் கணக்கு.

பதிப்பையும் கவனியுங்கள். 2022க்கு வாங்கிய காலைப் பழைய 2019 சர்வருக்குப் பயன்படுத்தலாம். 2019க்கு வாங்கியது 2022 சர்வருக்குச் செல்லாது. "மலிவாகக் கிடைக்கிறது" என்று பழைய காலை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

எசென்ஷியல்ஸ் என்ற சின்னப் பதிப்பு ஒன்றும் இருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். 25 பேர், 50 கருவி வரை அதற்குக் கால் தேவையில்லை. ஒரே கட்டடத்துக்குள் பைல்களைப் பகிர்ந்துகொள்ளும் சிறிய ஆபீசுக்கு நல்ல தேர்வு. ஆனால் எங்களுக்குத் தேவையான பலர் ஒரே நேரத்தில் நுழையும் ரிமோட் டெஸ்க்டாப் வசதி அதில் இல்லை. ஆகவே அது எங்களுக்கு உதவவில்லை.

சர்வருக்கு மேல் ஓடும் சாப்ட்வேர்

இதுவரை சொன்னது தரைக்கு மட்டும். அதன் மேல் கட்டியிருக்கும் வீட்டுக்குத் தனி லைசென்ஸ் உண்டு. அண்ணாச்சியின் சர்வரில் இரண்டு முக்கியமான சாப்ட்வேர்கள் இருந்தன. ஒன்று டாலி. 1986இல் பெங்களூருவில் கோயங்கா குடும்பம் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு, நம் ஊர்க் கடைகளில் அதைத் தெரியாதவர்கள் குறைவு. அதில் சில்வர் என்றால் ஒரு கம்ப்யூட்டரில் ஒருவர். கோல்டு என்றால் ஒரே லேனில் இருக்கும் எல்லோரும். தலை எண்ணும் வேலை இல்லை. அண்ணாச்சி கோல்டு வைத்திருந்தார், ரசீதும் இருந்தது. டாலியில் லைசென்ஸ் வாங்கியது வாங்கியதுதான். ஆண்டுச் சந்தா முடிந்தால் புதுப் பதிப்பும் இணைய வசதிகளும் நிற்கும், கையில் இருக்கும் பதிப்பு தொடர்ந்து ஓடும். எனக்குப் பிடித்த முறை இது. சந்தா கட்ட மறந்தால் கணக்கே திறக்காது என்ற வகை சாப்ட்வேர்களைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது, உள்ளூர் புரோகிராமர் ஒருவர் எழுதிக் கொடுத்த மண்டி புரோகிராம். எடை, கழிவு, கமிஷன், கூலி எல்லாம் அதில்தான். அதன் டேட்டா எஸ்க்யூஎல் சர்வரில் சேர்கிறது. இங்கேயும் ஒரு பொறி இருக்குமோ என்று பார்த்தேன். எஸ்க்யூஎல் சர்வரில் எக்ஸ்பிரஸ், டெவலப்பர் என்று இரண்டு இலவசப் பதிப்புகள். எக்ஸ்பிரஸை வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்டக்கூடாது என்பது எல்லை. டெவலப்பர் பதிப்பில் எல்லா வசதியும் உண்டு, ஆனால் புரோகிராம் எழுதவும் சோதிக்கவும் மட்டுமே. அதில் நிஜ வியாபாரத்தை ஓட்டக்கூடாது. எல்லா வசதியும் இருக்கிறதே என்று டெவலப்பரைப் போட்டுக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். நல்லவேளை, எங்கள் புரோகிராமர் எக்ஸ்பிரஸ்தான் போட்டிருந்தார். ஆறு வருட டேட்டாவும் 2 ஜிபியைத் தொடவில்லை. காசு கொடுத்து வாங்கும் ஸ்டாண்டர்டு பதிப்புக்குப் போனால், சர்வருக்கு ஒன்றும் ஆளுக்கு ஒரு காலும் வாங்கலாம். அல்லது ஆள் எத்தனை என்று பார்க்காமல் கோர் கணக்கில் குறைந்தது 4 கோருக்கு வாங்கலாம்.

புரோகிராமர் கெட்டிக்காரர். "நடுவில் ஒரு புரோகிராமை வைத்து, அது மட்டும் சர்வரோடு பேசட்டும். பத்துப் பேரும் அந்தப் புரோகிராமோடு பேசட்டும். அப்போது ஒரு கால் போதுமே?" என்றார். நல்ல யோசனைதான், ஆனால் செல்லாது. நடுவில் யார் நின்றாலும் கடைசியில் பயன்படுத்துபவர்களைத்தான் எண்ண வேண்டும் என்று லைசென்ஸில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். கிணற்றில் ஒரே மோட்டார் என்றாலும் வாய்க்கால் எத்தனை வயலுக்குப் போகிறது என்பதுதானே கேள்வி?

காசில்லாத வழி இல்லையா?

இருக்கிறது. லினக்ஸ், அதன் மேல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். இரண்டுக்கும் கோரும் எண்ண வேண்டாம், காலும் எண்ண வேண்டாம். லினக்ஸின் ஜிபிஎல் லைசென்ஸ் வியாபாரத்தில் பயன்படுத்துவதைத் தடுப்பதில்லை. அதை மாற்றி எழுதிப் பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் கொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மண்டி வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸைத் தன் புரோகிராமோடு சேர்த்து விற்கும் புரோகிராமர்தான் ஜிபிஎல் எங்கே, கட்டண லைசென்ஸ் எங்கே என்று படித்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2006-07இல் உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த அலுவலகமே சூசி லினக்ஸுக்கு மாறியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

ஆனால் லினக்ஸ் எல்லாம் ஒன்று அல்ல. ரெட்ஹேட் வருடச் சந்தாவுக்கு வருவது. சந்தா என்பது அப்டேட்டுக்கும் உதவிக்கும். அதே நிரலில் இருந்து இலவசமாக வந்த சென்ட்ஓஎஸ்ஸை நம்பிப் பல ஆபீஸ்கள் இருந்தன. சென்ட்ஓஎஸ் 8, 2029 வரை இருக்கும் என்று நம்பியவர்களுக்கு 2021 டிசம்பர் 31ஆம் தேதியே அதற்குக் கடைசி நாள் என்ற அறிவிப்பு 2020இல் வந்தது. சென்ட்ஓஎஸ் 7, 2024 ஜூன் 30இல் முடிந்தது. ஆல்மா, ராக்கி என்று மாற்றுகள் வந்தன. இலவசம் என்றாலும் எதுவரை பராமரிப்பார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜாவாவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அருப்புக்கோட்டையில் மில்கள் உண்டு. டாம்கேட் போன்ற அப்ளிகேஷன் சர்வர்கள் இலவசம். அவை ஓட ஜாவா வேண்டும். 2023 ஜனவரியில் ஆரக்கிள் தன் ஜாவா சந்தாவை மொத்த ஊழியர் எண்ணிக்கைப்படி கணக்கிடும் முறைக்கு மாற்றியது. பகுதி நேர ஊழியரும் எண்ணிக்கையில் வருவார், தற்காலிக ஊழியரும் வருவார். 600 பேர் வேலை செய்யும் மில்லில் 10 பேர்தான் கம்ப்யூட்டரைத் தொடுகிறார்கள் என்றாலும் கணக்கு 600க்கு! இதைத் தவிர்க்க வழி சுலபம். ஓபன்ஜேடிகே என்ற இலவச ஜாவாவைப் போட்டால் போதும். பெரும்பாலான புரோகிராம்கள் மாற்றமே இல்லாமல் ஓடும். போட்டுக் கொடுப்பவரிடம் எந்த ஜாவா என்று கேளுங்கள்.

அப்படியென்றால் அண்ணாச்சியை லினக்ஸுக்கு மாற்றினேனா? இல்லை. எனக்கு ஆசைதான். மல்லி மூட்டை வாசலில் நிற்கும்போது மண்டி புரோகிராமைத் திருப்பி எழுதச் சொல்ல முடியாது. இன்னொரு காரணமும் உண்டு, அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்தவர்களில் லினக்ஸ் சர்வரைச் சரிசெய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்குக் காய்ச்சல் என்றால் திருச்சுழியில் மறுபடி கார்பன் பேப்பர். லைசென்ஸ் காசை மிச்சம் பிடித்து ஒரே ஆளை நம்பியிருப்பது சிக்கனமா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆடி மாதம், மண்டி ஓய்ந்திருக்கும்போது பேசலாம் என்று வைத்துவிட்டோம்.

ஆகவே 16 கோருக்கு ஸ்டாண்டர்டு லைசென்ஸ், 7 கால், 4 ரிமோட் டெஸ்க்டாப் கால் என்று ஆர்டர் போட்டோம். இந்த முறை பில்லில் ஒவ்வொன்றும் தனி வரி. பதிப்பின் பெயர், எண்ணிக்கை, மண்டியின் ஜிஎஸ்டி எண் எல்லாம் கேட்டு வாங்கினேன். எவாலுவேஷன் பதிப்பை அழித்துவிட்டு முதலில் இருந்து இன்ஸ்டால் செய்ய வேண்டுமோ என்று பயந்திருந்தேன். தேவைப்படவில்லை. முறையாக வாங்கிய சாவியைக் கொடுத்து இருக்கும் இடத்திலேயே முழுப் பதிப்பாக மாற்ற ஒரு கட்டளை உண்டு. ஒரு ரீஸ்டார்ட்டோடு வேலை முடிந்தது, மூலையில் இருந்த அந்தச் சின்ன எழுத்தும் மறைந்தது. ஆர்டர் போட்டதில் இருந்து திருச்சுழி மறுபடி உள்ளே வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாள் கைச்சீட்டுகளை ஏற்றி முடிக்கக் கணக்குப்பிள்ளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. இரண்டு சீட்டில் எடை ஒத்துப்போகவில்லை. குறைந்த தொகையை அண்ணாச்சி தன் கையில் இருந்து கொடுத்தார்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போனால் உங்கள் பதிப்பும் அது ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்பதும் தெரியும். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த மெஷினோடு பிறந்து அதோடு போவது, வேறு மெஷினுக்கு மாற்ற முடியாது. கடையில் தனியாக வாங்கிய ரீட்டெயில் லைசென்ஸைப் பழையதில் இருந்து எடுத்துப் புதியதில் போடலாம். ஆபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் 2021 வைத்திருப்பவர்கள் அதில் கடைக் கணக்குப் போட அனுமதி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மண்டியில் சர்வர் இருக்கும் அறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். எந்த லைசென்ஸ், எத்தனை, யாருக்கு, எந்தக் கம்ப்யூட்டருக்கு என்று. ஏப்ரலில் அண்ணாச்சி போன் செய்தார்.

"தம்பி, புதுசா ஒரு பையன் சேர்ந்திருக்கான். அவனுக்குக் கால் வாங்கணுமா?"

"எங்கே உட்காரப் போகிறான் அண்ணாச்சி?"

"திருச்சுழியில. இருக்கிற கம்ப்யூட்டர்லதான்."

"அப்படியானால் சாதாரணக் கால் வேண்டாம், ரிமோட் கால் ஒன்று வாங்க வேண்டும்."

"நானும் தாளைப் பார்த்து அப்படித்தான் நினைச்சேன்" என்றார்.